ரூத் என்று கூப்பிட்டபோது எழுந்தவள்

"அருப்புக்கோட்டை ரூத்து யாரும்மா? உள்ள வாங்க!"

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மாடி வராந்தா. ஒரே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அம்மா, வலது பக்கம் ரூத் அக்கா, இடது பக்கம் நான். அக்கா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. நான் எழுந்தேன்.

என் பெயர் எஸ்தர்.

காலையில் அருப்புக்கோட்டையில் கிளம்பும்போதே அம்மா எனக்கு அக்காவின் ஊதாச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சேலை இடுப்பில் நிற்காது. பஸ் காரியாபட்டி தாண்டுவதற்குள் கொசுவம் இரண்டு தடவை அவிழ்ந்து, அம்மா இரண்டு தடவை திட்டினாள். அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே ஏசி அறை. படுக்கச் சொன்னார்கள். நெஞ்சில் கஞ்சி மாதிரி எதையோ தடவினார்கள், சில்லென்று இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் மைக் மாதிரி ஒரு சாமானை விலாவில் வைத்து அழுத்தினார்.

"அசையாதம்மா. ஏன் இப்பிடி நெளியிற?"

பக்கத்தில் இருந்த சின்ன டிவியில் கறுப்பு வெள்ளையில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. அது என்னவென்று கேட்டேன்.

"ஒன்னோட இருதயம்தான். நல்லா இருக்கு, பயப்படாத" என்றார்.

அரை மணி நேரத்தில் தாள் வந்தது. பெயர் ரூத். வயது இருபத்திரண்டு. இருதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக நான் ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் கண்டக்டர், எக்கோ அறையின் ஓட்டை ஏசி என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். போன வாரம் ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். 'ஊரில் இத்தனை வேலை இருக்க, மற்றவர்கள் நெஞ்சைப் படம் பிடிக்கும் வேலைக்கு எப்படி வந்தீர்கள்?' என்று. இப்படித்தான் வந்தேன், வாசகியம்மா. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த இடம் வரை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மூணு வாரத்து ஊசி

அக்காவுக்குப் பதினோரு வயதில் தொண்டை கட்டியது. யாருக்குத்தான் கட்டாது? உப்புத்தண்ணீர் கொப்பளித்தாள், சரியாகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. பிறகு முழங்கால் வடிந்து கணுக்கால் வீங்கியது. பிறகு முழங்கை. போர்வை பட்டால்கூட வலி. ஒரு மாதம் அவள் அசையாமல் படுத்துக் கிடந்தாள். அசையாமல் இருக்க அப்போது கற்றுக்கொண்டவள்தான். எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

அருப்புக்கோட்டை டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாராம். மூட்டுக்கு வந்த காய்ச்சல் நெஞ்சையும் தொட்டுவிட்டது, ஒரு வால்வில் லேசாகச் சத்தம் கேட்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும். விட்டால் காய்ச்சல் திரும்ப வரும், வருகிற ஒவ்வொரு தடவையும் வால்வு கெடும்.

அந்த ஊசி மருந்து பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். பாதியில் ஊசி அடைத்துக்கொண்டால் பிடுங்கிவிட்டு மறுபடியும் குத்துவார்கள். அக்கா அழ மாட்டாள். பக்கத்தில் நின்று பார்க்கிற நான்தான் அழுவேன். அப்புறம் இரண்டு நாளைக்கு அவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள்.

அந்த நடைதான் எங்களுக்கு வினையாக வந்தது.

ஓலை

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் ஐயர் கேட்பார். யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சொல்ல நினைப்பவர்கள் வெளியே வந்து, செருப்பு மாட்டும்போது சொல்வார்கள்.

அக்காவுக்கு இரண்டாவது ஓலை வாசித்த அன்றைக்கும் அவள் சாய்ந்து நடப்பதைப் பார்த்த யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியை மரியாதையாகக் குடித்தார்.

"நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல. பொண்ணுக்கு நெஞ்சுல ஏதோ ஊசின்னு காதுல விழுந்துச்சு. மதுரையில இப்ப நெஞ்சையே படம் எடுத்துப் பாக்குறாகளாம். எடுத்து ஒரு பேப்பரு மட்டும் குடுத்துருங்க. மூணாவது ஓலைக்கு முன்னாடி."

அவர் போனதும் அப்பா, "உள்ளதச் சொல்லிருவோம்" என்றார். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார்.

"சொல்லிட்டு? பெறகு அவள யாரு கட்டுவா? நீங்களா கூடவே இருந்து பாப்பீக?" என்றாள் அம்மா.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நாங்கள் மதுரைக்குப் போய் வந்த பிறகும் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தாளை மட்டும் வாங்கிச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு. ஐயர் ஓலை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சொல்லி நிறுத்தினார். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த நான் காலை மடக்கினேன், நீட்டினேன், மறுபடி மடக்கினேன். அம்மா என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். கல்யாணம் நடந்தது.

மாப்பிள்ளை தங்கராஜ் அத்தான் திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். கிணற்று மோட்டார் மெக்கானிக். எந்தக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும் சைக்கிளில் ஸ்பானர் பையோடு அவர்தான் போவார். அந்த ரிப்போர்ட்டைப் பாலிதீன் கவரில் போட்டுப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். சந்தேகப்பட்டு அல்ல. பெண்டாட்டிக்கு நல்ல இருதயம் என்று சர்க்கார் முத்திரை மாதிரி ஒரு தாள் இருப்பது அவருக்குப் பெருமை.

கல்யாணமான முதல் மாதம் அக்கா ஊசிக்குப் போயிருக்கிறாள். அத்தானும் கூடப் போனார். திரும்பும்போது அவள் கால் சாய்த்து நடப்பதைப் பார்த்திருக்கிறார்.

"நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு பேப்பரே இருக்கு. பெறகு எதுக்கு இந்த ஊசி? போதும்" என்றாராம்.

அக்கா என்ன சொல்வாள்? அந்த மாதத்தோடு ஊசி நின்றது. தாய் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள். "நான் நொண்டுறத அவுகளுக்குப் பாக்க முடியல, எஸ்தரு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அதை எப்படிக் கெடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தடவை கூப்பிட்டேன்

அந்தச் சின்ன டிவியில் துடித்தது என் மனசை விட்டுப் போகவில்லை; நான் அதே ஆஸ்பத்திரியில், நெஞ்சைப் படம் எடுக்கும் அதே எக்கோ அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னை 'ஏன் நெளியிற' என்று கேட்டவரிடம்தான் வேலை கற்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள், நாள் முழுக்க "அசையாம படுங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்கினேன். கர்த்தருக்கும் கேலி உண்டு.

வேலை தெரியத் தெரியத்தான் பயம் தெரிந்தது. மூட்டுக் காய்ச்சலில் கெட்ட வால்வுகள் தினமும் நாலு, ஐந்து வரும். மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயராகவே இருக்கும். எல்லாம் முப்பது வயது சுற்றிய பெண்கள். ஒவ்வொருத்தியும் படுக்கும்போது அக்கா படுப்பது போலிருக்கும்.

அக்காவை வரச் சொன்னேன். "வந்தா தெரிஞ்சு போகும்டி" என்றாள். ஊசியையாவது ரகசியமாகப் போட்டுக்கொள் என்றேன். "என்னன்னு சொல்லிட்டுப் போறது?" என்றாள். அடுத்த வருஷமும் கேட்டேன். அதே பதில். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அப்பாவைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது.

முதல் பிரசவத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளூர் டாக்டரிடம் அத்தான் ரிப்போர்ட்டை நீட்டினார். இருதயம் நன்றாக இருக்கிறதே, இது ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார்கள். அடுத்த பிரசவத்துக்குப் பிறகு அது ஆஸ்துமா ஆனது. எங்கே போனாலும் அந்தத் தாள் முன்னால் போய் நின்றது. என் நெஞ்சைக் காட்டி அவள் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

இதற்குள் அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

வியாழக்கிழமை திரும்பிப் போகிற மெஷின்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழை முடிந்த வாரம், அத்தான் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமினால் எச்சிலில் ரத்தம். எக்கோ அறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். நான்தான் படம் எடுத்தேன்.

மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கிற வால்வு, இரண்டு இதழ் நன்றாக விரிந்து மூட வேண்டும். அவளுக்கு விரியவே இல்லை. ஓரம் ஒட்டிப்போய், சட்டைக் காஜா அளவுக்கு ஒரு கீறல். அவ்வளவு வழியில்தான் உடம்பின் ரத்தமெல்லாம் நுழைந்து போய்க்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் பாலிதீன் கவரிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். கல்யாணத்தின்போது நார்மல். பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததாக அத்தான் சொன்னார். டாக்டர் கணக்குப் போட்டுவிட்டார். நோய் புதுசு, வால்வு இன்னும் இளக்கமாகத்தான் இருக்கும்.

"பலூன் போதும். ஆபரேஷன் வேண்டாம். வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம்" என்றார்.

பலூன் என்றால், தொடை ரத்தநாளம் வழியாகக் குழாயை நெஞ்சு வரை கொண்டுபோய், வால்வின் நடுவில் பலூனை ஊதுவது. ஒட்டிய ஓரம் இரண்டும் பிரிந்து வழி விடும். ஆனால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இளக்கமாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் கல்லாகிப் போயிருந்தால் அது பிரியாது, இளக்கமான இதழ்தான் கிழியும். கிழிந்தால் மேஜையிலேயே உயிர் போகலாம். என் படத்தில் ஒரு மூலையில் வெள்ளையாக ஏதோ மின்னியது. அது கல்லா, நிழலா என்று சொல்ல முடியவில்லை. எங்கள் மெஷின் நெஞ்சை வெள்ளரிக்காய் மாதிரி ஒரு வில்லையாக நறுக்கித்தான் காட்டும். வில்லையைப் பார்த்துக் காயின் முழு உருவத்தை மனசுக்குள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் எங்கள் அறையில் இன்னொரு மெஷினும் இருந்தது. ஒரு கம்பெனி சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தது. முப்பரிமாண எக்கோ. கூடவே ஓர் இன்ஜினியர் வந்திருந்தார், கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் பதறிப்போய் மெஷினைக் கட்டிப்பிடிப்பார். வாய் வழியாகக் குழாயை விழுங்க வைத்து, நெஞ்சுக்குப் பின்னால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மோட்டார் திருப்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு வில்லை. வில்லையை எல்லாம் கம்ப்யூட்டர் அடுக்கி முழு வால்வையும் திரையில் நிறுத்தும். நெஞ்சைத் திறந்த சர்ஜன் மேலேயிருந்து குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

ஒரு சங்கடம் இருந்தது. நோயாளி இருமினாலோ, அசைந்தாலோ, துடிப்பு ஒன்று தப்பினாலோ அடுக்கு குலைந்துவிடும். காரியாபட்டி வாத்தியாரம்மா ஒருவருக்கு இருதயத்தின் நடுச்சுவரில் இரண்டு ஓட்டை என்று எங்கள் மெஷின் சொல்லியிருந்தது. மூன்று தடவை முயன்று எடுத்துப் பார்த்தால், அது கோணலாக ஒரே ஓட்டை. சர்ஜன் ஒட்டுப் போடும் துணியை அதற்குத் தகுந்தாற்போல முன்னாலேயே வெட்டிக்கொண்டு போனார்.

மெஷின் வியாழக்கிழமை திரும்பிப் போக வேண்டும். வரிசையில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். அக்கா பெயர் அதில் இல்லை. "சிம்பிள் கேஸுக்கு அது எதுக்கு?" என்றார் டாக்டர். அன்று செவ்வாய்க்கிழமை.

"என்னையத் திட்ட மாட்டாக"

வார்டில் அக்கா தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நின்று பேச முடியவில்லை.

"டாக்டர்ட்ட உண்மையச் சொல்லப் போறேன்க்கா. ஒனக்குப் பதினோரு வயசுலயே வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் அந்த மெஷின்ல பாப்பாரு."

"சொல்லாத."

"பலூனு ஊதும்போது கிழிஞ்சுச்சுன்னா?"

"கிழிஞ்சா கிழியட்டும். அவுக மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்? இம்புட்டு வருசம் என்னைய நம்புனவுக."

"செத்துப் போயிருவக்கா!"

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "செத்தா அவுக அந்தப் பேப்பரத் திட்டுவாக. டாக்டரத் திட்டுவாக. என்னையத் திட்ட மாட்டாக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேலா, அம்மா மேலா, என் மேலா என்று தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே அத்தான் சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எஸ்தரு, ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவ. கல்யாணமான புதுசுல அவ ஒரு ஊசி போட்டுக்கிட்டிருந்தா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். நெஞ்சு நல்லா இருக்கேன்னு. அதுனால ஏதும் ஆகியிருக்குமா?"

நான் அவர் நகக்கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூணு நாளா இதுதான் ஓடுது. நான்தான் அவளக் கெடுத்துப்புட்டேனோன்னு."

"டாக்டரப் பாத்துட்டு வாரேன், அத்தான்" என்றேன்.

டாக்டர் அறைக்கு நடந்தேனா ஓடினேனா தெரியாது. உள்ளே போய் உட்காராமலே சொன்னேன். அந்த ரிப்போர்ட்டில் இருப்பது என் நெஞ்சு, சார். சேலை மட்டும்தான் அவளுடையது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இத்தனை வருஷமா இந்த ரூம்லதான வேலை பாக்குற நீ?"

"ஆமா சார்."

"தெரிஞ்சும் பேசாம இருந்திருக்க."

அவர் என்னைப் பார்க்காமலே போனை எடுத்தார். "நாளைக்குக் காலைல த்ரீ டி-யில முதல் கேஸ், அருப்புக்கோட்டை ரூத்" என்றார். பிறகு, "வெளிய போ" என்றார்.

அசையாதவள்

மறுநாள் குழாயை அக்கா விழுங்கினாள். மயக்கம் கொஞ்சம்தான் கொடுக்க முடியும், மூச்சு அப்படி. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். என் வேலை அவள் தலையைப் பிடித்துக்கொள்வது.

அவள் கண் என்னைப் பார்த்தது. பேச முடியாது, வாயில் குழாய். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பது அந்த அறைக்குக் கொண்டுவந்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மோட்டார் க்ளிக் என்று ஒரு படி திரும்பியது. துடிப்புக்காகக் காத்திருந்தது. மறுபடியும் க்ளிக். இன்ஜினியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் கண்ணோரம் தண்ணீர் வழிந்து என் விரலில் இறங்கியது. தொண்டை ஒரு தடவை குமட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தப் பதினோரு வயதில் போர்வைக்கடியில் கிடந்த மாதிரி கிடந்தாள்.

"ஒரே தடவையில வந்துருச்சு! இந்த வாரத்துல இவங்க ஒருத்தங்கதான்" என்றார் இன்ஜினியர்.

நான்தான் அசைந்து, தலையை விட்டுவிட்டேன்.

உப்பு

கம்ப்யூட்டர் அடுக்கி முடிக்க வெகுநேரம் ஆனது. மத்தியானம் டாக்டர் அத்தானை உள்ளே கூப்பிட்டார். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார்.

செம்மண் நிறத்தில் வால்வு முழுசாகத் தெரிந்தது. திறந்து மூடிக்கொண்டே இருந்தது. காஜாவின் ஒரு முனை கொஞ்சம் இளகி அசைந்தது. மறுமுனை அசையவே இல்லை, கட்டிகட்டியாகத் தடித்துப் போயிருந்தது. என் படத்தில் மின்னியது நிழல் அல்ல.

டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அத்தான் கேட்டார்.

"வால்வா சார் இது?"

"ஆமா."

"இந்தப் பக்கம் உப்பு புடிச்சுப் போச்சு." அவர் விரல் திரையைத் தொடாமல் அந்த முனையைக் காட்டியது. "எங்க கெணத்துல குழாயோட அடியில இருக்குற ஃபுட் வால்வும் இப்பிடித்தான் இறுகும் சார். அடிச்சுத் திறந்தா இது திறக்காது. அந்தப் பக்கம் பிச்சுக்கிரும்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். பலூன் வேண்டாம். திறந்து வால்வையே மாத்தணும்" என்றார்.

அத்தான் தலையாட்டினார். ஆனால் திரையைவிட்டு நகரவில்லை. வால்வு திறந்தது, மூடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இம்புட்டு உப்பு அஞ்சாறு வருசத்துல படியாதே. இது சின்னப் பிள்ளையிலருந்து படிஞ்சதுல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அத்தானும் திரும்பி என்னைப் பார்த்தார். மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அந்தப் பேப்பரு யாரோடது, எஸ்தரு?"

"என்னோடது, அத்தான்."

அவர் வெளியே போனார். செருப்பை மாட்டவில்லை. வெறுங்காலோடு மாடிப்படி இறங்கிப் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றார், ரோட்டைத் தாண்டினார், திரும்பி வந்தார், மறுபடியும் தாண்டினார். நானும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நேராக வார்டுக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கட்டிலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"நோயின்னு சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன், ரூத்து. ஊசிய மட்டும் நிறுத்தியிருக்க மாட்டேன்."

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். ரத்தம் கொடுத்தார். ஊரிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்து கொடுக்க வைத்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை. நான் கொண்டுபோய் வைத்த சாப்பாட்டுக் கேரியர் திறக்காமலே திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை

அக்கா பிழைத்தாள். பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். எடுத்த வால்வைச் சர்ஜன் எங்களிடம் காட்டினார். ஒரு முனை பல் மாதிரி கெட்டியாக இருந்தது. திரையில் பார்த்தது பார்த்தபடி.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சீட்டு எழுதினார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. வால்வு புதுசானாலும் ஊசியை விடக் கூடாது என்று அடிக்கோடு போட்டார்.

அத்தான் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு பையைத் துழாவி அந்தப் பாலிதீன் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"கிழிச்சுப் போடத்தான் நெனச்சேன். அவ பேரு எழுதியிருக்கு. கை வரல."

வாங்கிக்கொண்டேன். அழுதேன். அவர் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"அடுத்த செவ்வாக்கிழமை ஊசி. நீ வந்து கூட்டிட்டுப் போ. இனி எப்பவும் நீதான்" என்றார்.

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நான் லீவு. முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டை, அங்கே மாறித் திருச்சுழி. அக்கா ஸ்டாப்பில் நிற்பாள். அந்த ஊர் ஆஸ்பத்திரி பெஞ்சில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். நடுவில் அம்மா இல்லை. அக்காவின் நெஞ்சு டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். நான் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

போன தடவையும் நர்ஸம்மா கதவைத் திறந்து, "ரூத்து யாரும்மா?" என்று கூப்பிட்டார்கள்.

நான் எழுந்து இரண்டு எட்டு நடந்துவிட்டேன். பின்னாலிருந்து சேலை முந்தியைப் பிடித்து இழுத்தாள் அக்கா.

"ஒக்காருடி. என்னையத்தான் கூப்பிடுறாக."